கரையில் ஒதுங்கும் பொருள்

உருவமா உள்ளடக்கமா என்ற சண்டையை எழுபதுகளில் நம் சிறுபத்திரிகைகள் போட்டுத் தீர்த்தன. தீர்த்தன என்பதைவிட இரண்டு தரப்பும் களைத்துப்போயின என்று சொல்வதே சரி. அந்தப் பழைய இதழ்களை இப்போது புரட்டும்போது எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. மூன்றாவதாக ஒன்று இருப்பதை அந்தச் சண்டையில் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு படைப்பு எதனால் செய்யப்பட்டிருக்கிறது என்ற கேள்வி அது. கல்லா, மரமா, மண்ணா, சாயமா. எழுத்தாளனுக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. அவன் வார்த்தைகளால் செய்கிறான்; வார்த்தைக்கு எடை கிடையாது, நெடி கிடையாது, அது யார் நுரையீரலிலும் போய்ப் படிவதில்லை என்று நினைத்துக்கொள்கிறான். தமிழில் 'பொருள்' என்ற ஒரே சொல் அர்த்தத்தையும் குறிக்கும், கையால் தொடக்கூடிய ஜடத்தையும் குறிக்கும், காசையும் குறிக்கும். நம் விமர்சனம் முதலாவதை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கடைத்தெருவுக்கு விட்டுவிட்டது.

இதை நான் யோசிக்க நேர்ந்தது புத்தகத்தால் இல்லை. ஒரு நெடியால்.

என் தாய்மாமன் ஓடாவி. கடலூருக்குத் தெற்கே எங்கள் ஊர்க்கரையில் கட்டுமரம் செதுக்கியவர். அவர் மகன் ஃபைபர் படகு செய்கிறவன். ஒரு தலைமுறைக்குள் வாச்சியும் உளியும் போய் பிரஷ்ஷும் ரோலரும் வந்துவிட்டன. மாமன் வேலைசெய்த இடத்தில் மரச்சீவலின் பச்சை வாசனை இருக்கும். மகனின் ஓலைக் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் கண் எரியும். பிறகு தொண்டையில் இனிப்பும் காரமுமாக ஒன்று இறங்கும். கண்ணாடி இழைப் பாயை அச்சுக்குள் விரித்து, பாலியெஸ்டர் ரெசினில் ஹார்டனர் கலந்து பூசி, ரோலரால் காற்றுக் குமிழ்களை நசுக்கி வெளியேற்றி, அதன்மேல் இன்னொரு பாய் விரிக்கவேண்டும். ரெசின் இறுகும்போது ஸ்டைரீன் ஆவியாகிறது, நெடி அதனுடையது. இறுகியபின் தேய்க்கும்போது பறக்கும் தூள் தோலில் ஏறினால் இரவெல்லாம் அரிக்கும். முகமூடி போடேன் என்றால் மாமன் மகன் சிரிப்பான். "போட்டா மூச்சு முட்டுது மச்சான், வேலை ஓடாது."

2012 ஜனவரியில் கலிபோர்னியாவில் தங்கை வீட்டில் ஒரு மாதம் இருந்தேன். அவள் தெருவில் ஒரு இளைஞன் அலைப்பலகை செய்து விற்பவன். ஸர்ஃபிங் என்கிற அலைச்சறுக்குக்கான பலகை. நான் கடற்கரை ஊர்க்காரன் என்று தெரிந்ததும் வீட்டுக்குப் பின்னாலிருந்த பட்டறையைக் காட்ட அழைத்துப்போனான். கதவைத் திறந்தான். என் மாமன் மகனின் கொட்டகை. அதே இனிப்பு, அதே காரம். பதிமூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தும் மூக்கு ஊரிலேயே நின்றுகொண்டிருந்தது. பலகைகள் வெள்ளையாக, வழவழப்பாக, இனி ஒரு கை தன்மேல் படவேண்டிய அவசியம் இல்லாதவைபோல் சுவரில் சாய்ந்திருந்தன. அந்த வழவழப்பையும் அந்த நெடியையும் ஒன்றாகச் சேர்த்து நினைக்கமுடியவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான முயற்சி.

அலைமேல் நிற்கும் வித்தை ஹவாய்த் தீவுகளில் மிகப் பழையது. அவர்கள் மொழியில் அதற்கு 'ஹெஎ நலு' என்று பெயர், அலையில் வழுக்குதல். அரசர்களும் தலைவர்களும் ஏறிய 'ஓலோ' என்ற நீண்ட பலகை விலிவிலி என்ற மரத்தில் செய்யப்பட்டது. விலிவிலி நம் கல்யாண முருங்கையின் இனம். வேலியில் நட்டு வைத்து, வெள்ளாட்டுக்குத் தழை ஒடிக்கிறோமே, அதன் தமக்கை. சிறிய பலகைகளைக் கோவா மரத்திலும் கறிப்பலா மரத்திலும் செய்தார்கள். மரத்தைத் தேர்வதற்கும் வெட்டுவதற்கும் சடங்குகள் இருந்தன. 1820இல் வந்து சேர்ந்த மிஷனரிமார்களின் காலத்தில், நோய்களால் ஹவாய் ஜனங்களே பெருமளவு அழிந்த அந்த நூற்றாண்டில், இந்த வித்தையும் தேய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைகீகீ கரையில் மறுபடி தலையெடுத்தது. கலிபோர்னியாவுக்கு அது வந்த விதத்தைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். ஹென்றி ஹன்டிங்டன் என்ற ரயில்வே முதலாளி ரெடான்டோ பீச்சில் மனை விற்றுக்கொண்டிருந்தார். கூட்டம் சேர்க்க ஆள் வேண்டியிருந்தது. 1907இல் ஜார்ஜ் ஃப்ரீத் என்ற ஹவாய்க்காரரைச் சம்பளத்துக்கு அமர்த்தி அலைமேல் நடந்து காட்டச் சொன்னார். சுதந்திரத்தின் அடையாளமாகப் பின்னாளில் உலகெங்கும் விற்கப்பட்ட ஒரு காட்சி, ரியல் எஸ்டேட் விளம்பரமாகத்தான் அந்தக் கரையில் இறங்கியது.

இரண்டாம் உலக யுத்தம் கண்ணாடி இழையையும் பாலியெஸ்டர் ரெசினையும் கொண்டுவந்தது. விமானத் தொழிற்சாலைகளுக்காக உருவான பொருள்கள் யுத்தம் முடிந்ததும் கடற்கரைக் கொட்டகைகளுக்கு வந்தன. கொஞ்ச காலம் பால்ஸா மரத்தின்மேல் கண்ணாடி இழையைப் போர்த்தினார்கள். 1958 வாக்கில் ஹோபி ஆல்டர், கார்டன் கிளார்க் என்ற இருவர் மரத்தையே விலக்கிவிட்டு பாலியுரித்தேன் நுரையை உள்ளே வைத்தார்கள். அதன்பிறகு பலகை என்பது நுரை, இழை, ரெசின் மூன்றும்தான். எடை குறைந்தது, விலை குறைந்தது. அடுத்த ஆண்டு 'கிட்ஜெட்' என்ற சினிமா வந்தது. கரை நிரம்பி வழிந்தது.

இதே ஹோபி ஆல்டர் அறுபதுகளின் இறுதியில் இரட்டைத் தோணி கொண்ட சிறிய பாய்மரப் படகைக் கண்ணாடி இழையில் செய்து பெரும் பெயர் வாங்கினார். அந்த வகைப் படகுக்கு ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' என்று பெயர். நம் கட்டுமரம்தான். வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளியான பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களை அந்தப் பெயராலேயே எழுதிவைத்தார். சொல் ஆங்கிலத்தில் நின்றுவிட்டது, பின்னால் வேறொரு படகின்மேல் போய் ஒட்டிக்கொண்டது. வடிவம் பாலினேசியர்களுடையது, பெயர் எங்கள் கரையுடையது, செய்பொருள் பெட்ரோலியத்தினுடையது. என் மாமன் இதைக் கேட்டிருந்தால் பெயருக்குக் கூலி கேட்டிருப்பார்.

இனி ஓவியர்களும் சிற்பிகளும் வருகிறார்கள். அறுபதுகளில் லாஸ் ஏஞ்சலிஸில் உருவான ஒரு போக்கை 'ஃபினிஷ் ஃபெடிஷ்' என்று சொல்வார்கள். மெருகுப் பித்து என்று தமிழில் சொல்லலாம். நியூயார்க்கின் கலைஞர்கள் சாயத்தைச் சொட்டவிட்டு, தூரிகையின் தடத்தைத் தங்கள் ஆத்மாவின் கையெழுத்தாகக் காட்டிக்கொண்டிருந்தபோது, இவர்கள் தடமே இல்லாத பரப்பைத் தேடினார்கள். அந்தப் பரப்பை இவர்கள் மியூசியத்தில் கண்டதில்லை. மோட்டார்கார் பெயின்ட்டிலும் அலைப்பலகையிலும் கண்டார்கள். பலர் அலையேறியவர்கள். கென் பிரைஸ் 1961இல் ஃபெரஸ் காலரியில் நடந்த தன் கண்காட்சி அறிவிப்புக்குத் தன் மண்பாண்டங்களின் படத்தைப் போடவில்லை. இரண்டு கைகளையும் விரித்து அலைமேல் நிற்கும் தன் படத்தைப் போட்டார். பீட்டர் அலெக்ஸாண்டர் பலகைக்கு ரெசின் பூசிக்கொண்டிருந்தபோது காகிதக் கோப்பையின் அடியில் மிச்சம் கெட்டியாகி ஒளியை உள்ளே வாங்கி வைத்திருப்பதைப் பார்த்தார். அறுபதுகளின் நடுவில் அவர் வார்த்த ரெசின் சிற்பங்களின் தொடக்கம் அதுதான். ஜான் மெக்ராக்கன் 1966 முதல் ஆளுயரத்துக்கும் மேலான பலகைகளை இழையும் ரெசினும் போர்த்தி, மெருகேற்றி, சுவரில் சாய்த்துவைத்தார். சாய்த்துவைத்தது மட்டும்தான். பாதி தரையைச் சேர்ந்தது, பாதி சுவரைச் சேர்ந்தது. சிற்பமா ஓவியமா என்ற கேள்வியும் அப்படியே சாய்ந்து நின்றது.

இவர்களில் டி வெயின் வாலன்டைனின் பெரிய சிற்பம் ஒன்றைத்தான் அந்த ஜனவரியில் கெட்டி மியூசியத்தில் பார்த்தேன். 'சாம்பல் தூண்', 1975-76இல் செய்தது. பன்னிரண்டு அடி உயரம், எட்டு அடி அகலம், எடை ஏறத்தாழ 1,600 கிலோ. சாதாரண பாலியெஸ்டர் ரெசினை இவ்வளவு கனத்தில் வார்த்தால் சூடேறி வெடித்துப் பிளக்கும். அதனால் அவர் 1966இல் ஒரு ரெசின் கம்பெனியோடு சேர்ந்து தனக்கென்றே ஒரு கலவையை உருவாக்கிக்கொண்டார். அதன் முன் நான் வெகுநேரம் நின்றேன். கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. மார்கழிப் பின்மாலையில் கடல் எங்கே முடிந்து ஆகாயம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் போகும் ஒரு பத்து நிமிஷம் உண்டு. அந்தப் பத்து நிமிஷத்தை ஒருவன் வெட்டி எடுத்து நிறுத்தி வைத்திருந்தான். அடியில் இருள், மேலே போகப்போக வெளிச்சம், நடுவில் எங்கேயும் கோடு இல்லை. அதைக் கலை இல்லை என்று சொல்கிறவனோடு எனக்குப் பேச்சில்லை.

ஆனால் அங்கே அந்தத் தூணோடு அதன் பராமரிப்புப் பிரச்சினையையும் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பரப்பில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் கண் அந்தக் கீறலில் போய் நின்றுவிடும், உள்ளே போகாது; ஆகவே மறுபடி மெருகேற்றவேண்டும் என்பது சிற்பியின் கட்சி. மறுபடி தேய்த்தால் எழுபதுகளில் உண்டான மூலப் பரப்பு போய்விடுமே என்பது பாதுகாவலர்களின் சங்கடம். நம் கோயில் தூண்களில் எண்ணெய்ப் பிசுக்கும் கைபட்டுத் தேய்ந்த வழவழப்பும் ஏறியிருக்கிறது. அது வயசின் மெருகு. அதைக் கெடுதல் என்று நாம் நினைப்பதில்லை. வாலன்டைனின் மெருகு வயசை ஏற்றுக்கொள்ளாத மெருகு. இன்று காலை பிறந்ததுபோல் என்றைக்கும் இருக்கவேண்டும். இது அலைப்பலகைக் கடையின் மெருகும்தான். அதோடு, எந்தக் கை தேய்த்தது, எந்த மூச்சு உள்ளே போனது என்பதைத் துடைத்து அழித்துவிடுவதில்தான் அந்த மெருகின் வெற்றி இருக்கிறது. தூரிகைத் தடம் இல்லாமல் போகும்போது கூடவே கூலிக்காரனின் தடமும் இல்லாமல் போகிறது.

பீட்டர் அலெக்ஸாண்டர் 1972 வாக்கில் ரெசினை நிறுத்திவிட்டார். அதன் நச்சுத்தன்மையைத் தாங்கமுடியவில்லை. ஓவியத்துக்குப் போனார். பல ஆண்டுகள் கழித்து வேறு பிளாஸ்டிக்கோடு சிற்பத்துக்குத் திரும்பினார், 2020இல் காலமானார். அவரைக் குறை சொல்ல எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. நான் கவனிப்பது, கலைஞனால் நிறுத்த முடிந்தது என்பதை. ஆறேழு வருஷம் ஒரு பொருளோடு வாழ்ந்து, அதிலிருந்து ஒளியை எடுத்துக்கொண்டு, வெளியே வந்து கதவைச் சாத்த முடிந்தது. அந்த ஆறேழு வருஷம் கலைச் சரித்திரத்தில் ஒரு அத்தியாயமாகிறது. என் மாமன் மகன் இருபத்தைந்து வருஷமாக அதே பொருளோடு இருக்கிறான். 2019இல் இருமல் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் முதலில் கேட்டது பீடி குடிப்பியா என்று. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கவில்லை.

அலைப்பலகை உலகத்துக்கும் இந்தக் கணக்கு ஒருநாள் வந்து சேர்ந்தது. கார்டன் கிளார்க்கின் தொழிற்சாலைதான் அமெரிக்கப் பலகைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு நுரைக்கட்டை கொடுத்துவந்தது. 2005 டிசம்பர் 5, திங்கட்கிழமை, தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு நீண்ட ஃபாக்ஸ் அனுப்பிவிட்டு அதை இழுத்து மூடினார். நுரை செய்யப் பயன்பட்ட டொலுயீன் டை-ஐஸோசயனேட், அதன்மேலான அரசாங்கக் கெடுபிடி, வழக்குகளின் பயம், இவையெல்லாம் அதில் இருந்தன. 1984க்குப் பிறகு ஐஸோசயனேட் என்ற சொல்லை நம்மில் யாரும் சாதாரணமாகக் கேட்கமுடியாது. போபாலில் கசிந்தது வேறு சேர்மம், ஆனால் குடும்பம் அதே குடும்பம். ஐம்பது வருஷமாகக் கடலின் பிள்ளைகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். மறுநாளே பலகை விலை ஏறியது. வேறு நாடுகளிலிருந்து நுரை வர ஆரம்பித்தது. நெடி இடம் மாறிக்கொண்டது.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். கடல் கெட்டுப்போயிருக்கிறது என்பதை அறிக்கை படிக்காமல் உடம்பால் அறிகிறவர்கள் மீனவனும் அலையேறுகிறவனும்தான். காது சீழ் பிடிக்கும், வயிறு போகும், கண் சிவக்கும். லாஸ் ஏஞ்சலிஸில் மழை பெய்தால் நகரத்தின் சாக்கடை நீரெல்லாம் கால்வாய் வழியாக நேரே கடலுக்கு வரும். எழுபத்திரண்டு மணி நேரம் தண்ணீரில் இறங்காதீர்கள் என்று சுகாதார இலாகா எச்சரிக்கும். இந்த அறிவிலிருந்துதான் 1984இல் மாலிபுவில் 'ஸர்ஃப்ரைடர் ஃபவுண்டேஷன்' பிறந்தது. அதன் வழக்கால் 1991இல் வட கலிபோர்னியாவின் இரண்டு காகிதக் கூழ் ஆலைகள் அபராதம் கட்டவும் கழிவைச் சுத்திகரிக்கவும் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் 1990இல் 'சாக்கடைக்கு எதிரான அலையேறிகள்' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ரப்பர் உடையும் விஷவாயு முகமூடியும் மாட்டிக்கொண்டு, பலகையும் கையுமாக, காற்றடைத்த பிரம்மாண்டமான மலக்கட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அரசியல்வாதிகளின் வாசலில் போய் நின்றார்கள். அதைக் கலை என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. காலரிக்காரர்கள் யாராவது சொல்லியிருந்தால் ஓடிப்போயிருப்பார்கள். எனக்கென்னவோ, மெருகுப் பித்துக்குச் சொல்லப்பட்ட மிகச் சரியான மறுமொழி அந்தக் காற்றடைத்த மலக்கட்டி என்றே படுகிறது. எதை வழவழப்பான பரப்புக்குக் கீழே தள்ளி மறைத்தார்களோ அதைப் பத்து மடங்கு பெரிசாக்கி வெயிலில் நிறுத்தினார்கள். ஆனாலும் அவர்கள் கையிலிருந்த பலகை ரெசின்தான், உடம்பிலிருந்த உடை நியோப்ரீன்தான். இதைச் சுட்டிக்காட்டி அவர்கள் வாயை அடைக்க நினைப்பது சின்னத்தனம். சுட்டிக்காட்டாமல் விடுவது சோம்பேறித்தனம்.

மாற்று என்று பேசப்படுபவற்றில் இரண்டு வகை இருக்கின்றன. 2015இல் கலிபோர்னியாவின் ஸான் டியேகோ பல்கலைக்கழகத்தார் பாசியிலிருந்து எடுத்த எண்ணெயால் நுரை செய்து ஒரு பலகை ஆக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அதன் லட்சியம், எல்லாம் முன்போலவே இருக்கவேண்டும், பொருள் மட்டும் மாறவேண்டும் என்பது. வெள்ளையும் வழவழப்பும் எடையும் வேகமும் அப்படியே. இன்னொரு வகை டாம் வெஜனர் என்பவருடையது. கலிபோர்னியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனவர். ஹோனலூலுவின் பிஷப் மியூசியத்திலுள்ள பழைய பலகைகளைப் பார்த்துவிட்டு, 2000களின் நடுவில் பௌலோனியா என்ற மென்மரத்தில் 'அலாயா' பலகைகளைச் செதுக்க ஆரம்பித்தார். இழை இல்லை, ரெசின் இல்லை, அடியில் துடுப்பும் இல்லை. எண்ணெய் பூசி வெயிலில் காயவைப்பதோடு சரி. இதில் ஏறினால் பழைய பழக்கம் எதுவும் உதவாது என்கிறார்கள். பலகை பக்கவாட்டில் வழுக்கும், முழங்கால் வேறுமாதிரி மடங்கவேண்டும், அலையையே வேறு இடத்தில் பிடிக்கவேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பொருளை மாற்றியதும் உருவம் மாறுகிறது, உருவம் மாறியதும் உடம்பின் அனுபவம் மாறுகிறது. உருவமும் உள்ளடக்கமும் ஒன்றே என்று சூத்திரமாக நாம் ஒப்பித்துக்கொண்டிருந்ததை ஒரு தச்சன் பலகையில் காட்டிவிட்டான். ஆனால் உலகத்தில் அலையேறும் எல்லோருக்கும் மரப்பலகை போதுமா என்றால் போதாது. அவரவர் காட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லவேண்டிய பதில் அது.

ஆஷ்லி பிக்கர்டன் என்ற கலைஞர் இந்த மூன்று பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்கிறார். கிரியோல் மொழிகளை ஆராய்ந்த டெரிக் பிக்கர்டனின் மகன். பார்படோஸில் 1959இல் பிறந்து, ஹவாயில் வளர்ந்து, அலையேறி, எண்பதுகளில் நியூயார்க்கில் கம்பெனி முத்திரைகள் ஒட்டிய பெட்டிகளை ஓவியம் என்று சுவரில் மாட்டிப் பேர் வாங்கினார். 1991-92இல் செய்த ஒரு வரிசைக்கு, 'கடற்காட்சி: என்றென்றைக்கும் மிதப்பதற்கான உடுப்பு' என்ற பொருளில் பெயர். முழு உடுப்பு ஒன்றைக் காற்றுப்புகாமல் மூடி, மிதவையோடு கூடிய கலமாக ஆக்கியிருந்தார். என்றென்றைக்கும் என்பதைக் கவிஞர்கள் சொன்னால் நாம் நம்புவதில்லை. பிளாஸ்டிக் சொன்னால் நம்பித்தான் ஆகவேண்டும். 1993இல் பாலித் தீவுக்குக் குடிபோனார். அங்கே கரையில் ஒதுங்கிய குப்பையைப் பொறுக்கித் தன் படைப்புகளுக்குள் சேர்த்தார். 2022இல் இறப்பதற்கு முன் அவர் கடைசியாகச் செய்துகொண்டிருந்தவற்றில், கடலையே ஒரு துண்டாக வெட்டி எடுத்துத் தொங்கவிட்டதுபோன்ற நீலக் கட்டிகள் உண்டு. அவை ரெசினிலும் கண்ணாடி இழையிலும் ஆனவை. வாலன்டைனின் தூணுக்கும் இந்தக் கட்டிகளுக்கும் இடையில் நாற்பத்தைந்து வருஷம். பொருள் அதேதான், அழகும் குறையவில்லை. ஆனால் முன்னதில் ரெசின் தன்னை மறைத்துக்கொண்டு ஒளியாகத் தோற்றம் கொள்கிறது. பின்னதில், கடலுக்குப் பதிலாக இனி நீங்கள் வைத்துக்கொள்ளப்போவது என்னைத்தான் என்று ரெசின் தன் வாயாலேயே சொல்கிறது. கலைஞன் தன் செய்பொருளின் குற்றத்துக்கு வெளியே நின்று தீர்ப்புச் சொல்லவில்லை. உள்ளே இருந்துகொண்டே அதைப் பேசவிடுகிறான். இது தப்பித்தலாகவும் ஆகிவிடலாம். ஒரு குப்பைப் பையை லட்சம் டாலருக்கு விற்கும் சாமர்த்தியமாகவும் ஆகிவிடலாம். பிக்கர்டனிடம் இரண்டும் கொஞ்சம் இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

எங்கள் கரையில் இந்தக் கேள்வி காலரிக்கு வெளியே கிடக்கிறது. ஃபைபர் எண்பதுகளிலிருந்தே மெல்ல வந்துகொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நிவாரணமாகக் குவிந்தது. நல்லதும் வந்தது, அவசரத்தில் செய்த மெல்லிய ஓடுகளும் வந்தன. மீனவர்கள் விவரம் தெரியாமல் மரத்தைக் கைவிட்டார்கள் என்று நகரத்திலிருந்து எழுதுவது ஆணவம். கட்டுமரத்தை ஒவ்வொரு தடவையும் கரையேற்றி, கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடவேண்டும். மரம் தண்ணீர் குடித்துக் கனக்கும். மேற்கு மலைகளிலிருந்து வந்த அந்த எடை குறைந்த மரமும் கிடைப்பது அரிதாகி விலை ஏறிவிட்டது. ஃபைபரில் எஞ்சின் மாட்டி விடியற்காலை போய் வெயில் ஏறுமுன் திரும்பலாம். முதுகு பிழைத்தது. இதை என் மாமனே சொன்னார்.

உடைந்த ஃபைபர் எங்கே போகும் என்பதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. கட்டுமரம் தன் காலம் முடிந்தால் அடுப்புக்குப் போனது. சாம்பல் பாத்திரம் துலக்கியது. இது எரித்தால் கறுப்புப் புகை, புதைத்தால் அப்படியே இருக்கும், விட்டுவைத்தால் வெயிலில் நாரநாராகப் பிரிந்து மணலில் கலக்கும். எங்கள் ஊரில் சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் இருபது வருஷத்து ஓடுகள் கவிழ்ந்து கிடக்கின்றன. ஆடுகள் நிழலுக்கு ஒதுங்கும். மாமன் மகன் ஒருநாள் அவற்றைக் காட்டிச் சொன்னான்: "அப்பா செஞ்ச மரம் ஒண்ணுகூட இப்ப இல்ல மச்சான். நான் செஞ்சது எல்லாம் இருக்கு." அதில் பெருமை இருந்ததா துக்கம் இருந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்லமுடியவில்லை. எந்தக் கலைஞனும் வாய்விட்டுச் சொல்ல ஆசைப்படும் வாக்கியம் அது. அவனுக்கு அது வாய்த்த விதம் இப்படி.

சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பத்துப் பையன்கள் இப்போது நன்றாக அலையேறுகிறார்கள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசியப் போட்டியே நடந்தது. உடைந்த கட்டுமரத்தின் ஒற்றைக் கட்டையில் குப்புறப் படுத்துக் கரையலையில் வழுக்கி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்கள் நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அந்தப் பலகை நுரையும் இழையும் ரெசினும் என்று எடுத்துச்சொல்லி அந்தச் சந்தோஷத்தில் மண் போட நான் யார்? ஆனால் அவர்கள் மத்தியிலிருந்து ஒரு ஓடாவியின் பேரன், தாத்தாவின் வாச்சியை எடுத்துக் கல்யாண முருங்கையில் ஒரு பலகை செதுக்கிப் பார்க்கக்கூடும் என்ற நப்பாசையும் இருக்கிறது. அது நன்றாக மிதக்காமலும் போகலாம். செதுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

நாம் செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், நான் சுற்றுச்சூழல் பிரச்சாரக் கவிதை எழுதச் சொல்லவில்லை. அதில் ஏற்கெனவே போதிய குப்பை சேர்ந்துவிட்டது. ஒரு படைப்பின் முன் நிற்கும்போது, இது எப்படி ஆகியிருக்கிறது, என்ன சொல்கிறது என்பவற்றோடு, இது எதனால் ஆகியிருக்கிறது, இதைச் செய்தபோது யார் மூச்சில் என்ன போனது, முடிந்தபின் இது எங்கே போகும் என்ற கேள்விகளும் ரசனைக்குள்ளேயே எழவேண்டும் என்கிறேன். ஒழுக்கத் தீர்ப்பாக வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு எழக்கூடாது. சாம்பல் தூணை நான் இனிப் பார்த்தாலும் அந்த மார்கழி மாலை தெரியும். கூடவே தொண்டை எரியும். எரிச்சல் அழகைக் குறைக்கவில்லை, அழகு எரிச்சலை ஆற்றவும் இல்லை. இரண்டையும் ஒரே பார்வையில் வைத்துக்கொள்ளும் விமர்சன பாஷை ஒன்று நமக்கு இன்னும் வரவில்லை.

நண்பர்கள் சிலர் சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நானும் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். மட்டமான காகிதம், மங்கிய மசி, ஓரங்களில் கறையான் வேலை. தொட்டால் உதிர்கிறது. கெட்டித் தாளில், பிளாஸ்டிக் உறையில் காப்பாற்றவேண்டும் என்று அடிக்கடி பேசுகிறோம். காப்பாற்றலாம்தான். ஆனால் அந்தக் காகிதம் மக்கிப்போகும் பொருளால் ஆனது என்பதில் எனக்கு இப்போது ஒரு நிம்மதி இருக்கிறது. அதில் எழுதியவர்களில் யாரும் நான் செய்தது எல்லாம் இருக்கு என்று சொல்ல வேண்டியிருக்காது.